மூன்றாவது சாவி

வந்த அன்று பெட்டியை இறக்குமுன்னே
பூட்டுக் கடை இல்லாத ஊரில்
எனக்கொரு பூட்டு வாங்கி வைத்திருந்தார்கள்.
அதற்குச் சாவி மூன்று.
என் கைக்கு வந்தவை இரண்டு.

செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டிச் சாலையில் கிளை பிரிந்து
ஒற்றைப் பனை வரை வந்து திரும்பும் பஸ்.
காலை ஆறு நாற்பது. சாயங்காலம் ஐந்தேகால்.
இடைப்பட்ட நேரம் ஊர் தன்னை
சம்படம்போல் இறுக்கி மூடிக்கொள்ளும்.

வேலாங்குளம் கிளை அஞ்சலகம்:
ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை,
நாசரேத்திலிருந்து வந்த நான்.
"அது எங்கிட்டு இருக்கு?" என்றார் கடைக்காரர் சோலைமலை.
"கடல் பக்கம்."
"சரி. கடல் பக்கம்னா, என்ன ஆளுக?"
அதையே ஒன்பது விதமாகக் கேட்டார்கள்.
அப்பா பெயர், அப்பாவின் அப்பா பெயர்,
ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயில்,
பனையேறத் தெரிந்தவர்கள் வீட்டில் உண்டா.
பத்தாவதாக யாரும் கேட்கவில்லை.
தெரிந்துவிட்டது போல.
அதன்பின் சில வீட்டில் எனக்கு எவர்சில்வர் டம்ளர்,
சில வீட்டில் காகிதக் கப்.

கால் லிட்டர் பால் அரை லிட்டரானால்
"விருந்தாடி யாரு?"
ஒருநாள் வாங்காவிட்டால்
காய்ச்சலா என்று கதவில் கை.
செய்தித்தாளில் சுற்றி
கருப்புப் பையில் போட்டுத் தருகிற பொருளை
தெருவே எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறது,
எனக்குத் தேதி தவறினால் அதற்கும் தெரியும்.

அழுவதற்கு இடம் கிடையாது.
ஒருமுறை தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போனேன்.
மோட்டார் போட வந்த ஒச்சப்பன்
என்னைப் பார்க்கவேயில்லை.
சுவிட்சைத் தட்டிவிட்டு
வழக்கத்தைவிட அரைமணி கூடுதலாக
அந்தச் சத்தத்தை ஓடவிட்டார்.
தொட்டி நிரம்பி வழிந்து ரோடெல்லாம் சேறு.
மறுநாள் பஞ்சாயத்தில் வசவு வாங்கினார்,
ஏன் என்று சொல்லவில்லை.

மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில்
ஒரு வாய்க்கால். தண்ணி ஓடி நான் பார்த்ததில்லை.
தாண்ட ஒரு எட்டுப் போதும்.
தபால் பையோடு நான் தாண்டும்போதெல்லாம்
இரண்டு பக்கமும் பேச்சு நின்று
பிறகு வேறு விஷயத்தில் தொடங்குகிறது.
பஞ்செடுத்துத் தேய்ந்த விரல்களை
என் ரேகைக் கருவி அறிந்துகொள்வதில்லை.
"இன்னொருக்க வைங்க, அழுத்தி வைங்க."
எந்தத் தெரு விரல் என்று அது பார்ப்பதுமில்லை.

ஆவணிக் கடைசியில் மாற்றல் உத்தரவு வந்தது.
நான் கேட்ட இடம்தான். வீட்டிலிருந்து சைக்கிள் தூரம்.
பையை நானே பிரித்து, நானே முத்திரை குத்தி,
எனக்கே பட்டுவாடா செய்துகொண்டேன்.
ஒரு உயிரிடம் மூச்சு விடவில்லை.

"நோட்டுல முன்னூத்தி நாப்பது நிக்குது,"
என்றார் சோலைமலை அன்று இருட்டும்போது,
"அதுக்கொண்ணும் அவசரமில்லம்மா."

இரவில் வீட்டுக்காரி தங்கப்பேச்சி வந்து
சாவி ஒன்றை மேசைமேல் வைத்தாள்.
மூன்று வருடமாக நான் அவளிடம் கேட்காமல்
கோபத்தோடு வைத்திருந்த சாவி.
"ஒரே ஒருக்காத்தேன் தெறந்தேன்.
கேஸு நாத்தம் தெரு வரைக்கும் அடிச்சுச்சு.
மூடிட்டு, சன்னலத் தெறந்துவிட்டுப் போனேன்.
நீ அசந்து தூங்கிக்கிட்டிருந்த."

எந்த ராத்திரி என்று கேட்டேன்.
"அது கெடக்கு," என்று போய்விட்டாள்.
சன்னல் திறந்து கிடந்த காலை ஒன்றை
விடிய விடிய ஞாபகத்தில் தேடினேன்.
பூனையைத் திட்டிய ஒரு காலை வந்தது.
அதுவா என்று தெரியவில்லை.

ஆறு நாற்பதுக்கு
பை வாங்கப் பனையடியில் நின்றேன்.
நீட்டிய கையில் பையைக் கொடுக்காமல்
டிரைவர் செயபாண்டி கேட்டார்:
"பெட்டி எத்தனைம்மா?
முன்சீட்டப் பிடிச்சு வைக்கவா?"

எந்த நாள் என்று
நானே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.