நாலு புள்ளி ஒன்பது

ஆஸிலாஸ்கோப்பின் பச்சைத் திரையில்
அலை ஏறுகிறது.
நாலு புள்ளி ஒன்பதில்
தலையை மடக்கிப் படுத்துக்கொள்கிறது.
சிகரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மேசை.

வெட்டியது நான்தான்.

ஏப்ரலில் ஒரு மதியம்
செக்காலை முழுக்கக் கரண்ட் போய்
திரும்பி வந்த வேகத்தில்
பதிவுக் கருவியின் மூன்றாம் வாசல் கருகியது.
புது அட்டைக்கு எண்பதாயிரம்.
டெல்லிக்குப் போன கோப்பு இன்னும் டெல்லியில்.
கல்லுக்கட்டி ரேடியோ கடையில்
இரண்டு ஜீனர் வாங்கினேன்.
முதுகோடு முதுகு வைத்துப் பற்றவைத்து
முன்னால் பத்து கிலோ ஓம் போட்டேன்.
பன்னிரண்டு ரூபாய்க் காவல்.
ஐந்து வோல்ட்டுக்கு மேல்
எது வந்தாலும் வெளியே நில்.

சிகப்பி துரு படிப்பவள்.
தொண்டிக் கடல் தண்ணீரில்
பத்து இரும்புத் துண்டுகளை முக்கிவைத்து
அவை அரிபடும் முணுமுணுப்பைப்
பெருக்கிப் பெருக்கிப் பார்ப்பவள்.
"ஏழாம் துண்டைப் பாருங்க சவரியண்ணே,
எல்லாத் துடிப்பும் ஒரே உயரம்!
எவ்வளவு ஒழுங்கு!"

அந்த ஒழுங்கு
என் சால்டரிங் வாசனை அடித்தது.
இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
ஜீனர் ஒன்றும் கத்தியில்லை.
நாலு வோல்ட் வருமுன்பே கசியத் தொடங்கும்,
முழங்கால் மெல்ல மடிவதுபோல.
மே மாதம் ஏ.சி. நின்ற மதியங்களில்
அதற்கும் முன்பே.
வெட்டுப்படாத சின்ன அலைகளும்
கொஞ்சம் கூனியேதான் நின்றிருக்கும்.

வியாழக்கிழமை
காவலுக்கு முந்திய கம்பியில்
பத்துக்கு ஒன்று புரோபை மாட்டி
அவளைக் கூப்பிட்டேன்.
ஏழாம் துண்டு எகிறியது.
எட்டு. பதினொன்று.
பதிமூன்றரை.
அங்கே மறுபடியும் ஒரு மேசை.

"இதுவும் நீங்க போட்டதாண்ணே?"

இல்லை.
பெருக்கிக்குக் கிடைப்பதே பதினைந்து வோல்ட்.
அதற்கு மேல் கத்த அதற்குத் தொண்டை இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டில் 'உச்சம் 4.9' என்றிருந்ததை
அளவுகோல் வைத்து அடித்தாள்.
பக்கத்தில் எழுதினாள்:
'உச்சம் தெரியாது.
பதிமூன்றரைக்குக் குறையாது.'

பிறகு பெருக்கத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து
ஏழாம் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு
புது இரும்பை முக்கினாள்.
துருப்பிடிக்க மூன்று வாரமாகும்.
ஜீனரைக் கழற்றவா என்றேன்.
"இருக்கட்டும்,
மேலே ஒரு சீட்டு மட்டும் ஒட்டுங்க."