பதில் இல்லை

வடக்கு டக்கோட்டாவில் எட்டாவது நாளாகப் பனி.
நீதிமன்றத்து வெந்நீர்க் குழாய் தட்டிக்கொண்டே இருக்கிறது.
அதை நான் பதிவதில்லை.
என் இருபத்திரண்டு சாவிகளும் சொற்களுக்கு மட்டும்.

ஆரின் ட்வெய்ட். பக்கத்துப் பண்ணையின்
தானியக் கிடங்குக்குத் தீ வைத்ததாக வழக்கு.
பார்த்தவள் ஒருத்திதான், மார்லிஸ் ஹாக்ஸ்டட்.
ஷெரீஃபிடம் அவள் கொடுத்த வாக்குமூலம் நான்கு பக்கம்,
ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

'படித்துக் காட்டினால் போதுமே' என்றார் அரசு வழக்கறிஞர்.
'சாலையெல்லாம் பனி. அவருக்கு இடுப்பு வலி வேறு.'
ரெனாட்டா பொய்ட்ரா எழுந்தாள்.
'காகிதத்துக்குத் தொண்டை வறளாது, கனம் நீதிபதி அவர்களே.
எப்படிக் கேட்டாலும்
முதலில் சொன்னதையேதான் அது சொல்லும்.'

பனி வாரும் வண்டி முன்னால் போக, அழைத்து வந்தார்கள்.

கூண்டேறியும் கோட்டைக் கழற்றவில்லை.
நீதிபதியைப் பார்த்தாள், ஜூரியைப் பார்த்தாள்,
என் விரல்களைக்கூடப் பார்த்தாள்.
ஆரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்,
இரவல் கொடுத்த ஏணியை
எப்படித் திருப்பிக் கேட்பதென்று தயங்குகிறவர்போல.

அன்றிரவு எவ்வளவு குளிர்?
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
சமையலறையில் கெட்டில் கொதித்தது என்றீர்கள்.
ஆமாம்.
ஜன்னல் கண்ணாடியில் உறைபனி இருந்திருக்குமே?
துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.
எவ்வளவு துடைத்தீர்கள்?
(சாட்சி உள்ளங்கையை உயர்த்திக் காட்டுகிறார்.)
அந்த அளவுக்குள் தெரிந்தது முகமா?
தொப்பி. ஆரினுடைய சிவப்புத் தொப்பி.
கூட்டுறவுக் கடையில் இலவசமாகக் கொடுத்ததுதானே?
ஆமாம். எல்லாருக்கும் கொடுத்தார்கள்.
உங்கள் வீட்டில்?
ஆணியில் ஒன்று தொங்குகிறது.

இப்போது அவரைப் பாருங்கள், திருமதி ஹாக்ஸ்டட்.
நீங்கள் பார்த்தது இந்த முகத்தையா?

அப்போதுதான் பார்த்தாள்.
குழாய் நான்கு முறை தட்டியது.
அவள் மடியிலிருந்து ஒரு கையுறை நழுவி விழுந்தது,
எடுக்கக் குனியவில்லை.
ஆரின்தான் எழப் போய்,
காவலர் தோளில் கை வைத்ததும் உட்கார்ந்தார்.

நான் பதிந்தது:
(பதில் இல்லை.)

நாளை மேல்முறையீடு என்று போனால்
பிஸ்மார்க்கில் யாரோ கண்ணாடி போட்டுக்கொண்டு
இந்த இரண்டு சொற்களை வாசிப்பார்கள்.
கையுறை அங்கே விழாது.

இடைவேளையில் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினாள்.
'நான் பொய் சொல்லவில்லை' என்றாள்.
'பார்த்தேன் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.'

இயந்திரம் உள்ளே மேஜைமேல் மூடிக் கிடந்தது.
அவள் சொன்னதை நம்பினேன்.
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள்,
காட்டினேன்.