ஏழு மணிச் சங்கு

கிள்ளானிலிருந்து பகாவுக்கு லோரியில் வந்த பெட்டிகளில்
'கணக்கு' என்று எழுதியிருந்த பெட்டிக்குள்
தோசைக்கல் இருந்தது.
பாடப் புத்தகங்கள் மூன்று வாரம் கழித்து
பழைய திரைச்சீலைக்கு அடியில் அகப்பட்டன.
அதுவரை
ஆலைக்குப் போகும் செம்பனை லோரிகள்தான் பாடம்.

எண்பலகையின் கடைசி இலக்கங்களைக்
கூட்டிக் கூட்டி எழுதினாள் ரேவாஷினி.
லவினேஷ் கூட்டவில்லை.
எந்த லோரி குலையைச் சிந்தும் என்று
வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிர்பெட்டிக் கதவில் நான் ஒட்டிய அட்டவணை
அழகாகத்தான் இருந்தது.
எட்டுக்குத் தமிழ், எட்டே முக்காலுக்குக் கணக்கு,
பத்துக்குப் பசியாறல், பதினொன்றுக்கு மலாய்.
நான்கு நிறம், அடிக்கோல் பிடித்த கோடுகள்.
யாரும் அதற்குக் கீழ்ப்படியவில்லை,
நானும்தான்.
எட்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று
புது ஊரில் யார் எனக்குச் சொன்னார்கள்?
எட்டே முக்காலுக்கு மீன்காரர் மோட்டாரில் வந்து
ஹாரனை அழுத்திப் பிடிப்பார்.
மகளின் பின்னக் கணக்கில்
தொகுதிக்கும் பகுதிக்கும் நடுவே
கெம்போங் மீன் செதில் ஒன்று
இன்னும் ஒட்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம் இல்லையா?
சீனக்கடை ஆ கியோங் கேட்டார்.
அடுத்த வீட்டு மக்சிக் ஹஸ்னா
ஒரு தட்டு குவே கொடுத்துவிட்டுக் கேட்டார்.
காலித் தட்டைத் திருப்பக் கூடாதென்று
முறுக்கு வைத்துக் கொடுத்தேன்,
வாங்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார்.
கோயில் செயலாளர் என்னிடம் கேட்கவில்லை,
என் கணவரிடம் கேட்டார்.
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன்.
கல்வியமைச்சுக்கு அனுப்பிய கடிதத்தில்
முத்திரை குத்திய இன்னொரு பதில்.
உண்மைப் பதில்
மகனின் நகங்களில் இருந்தது.
பழைய பள்ளியில்
வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் வரும்போதெல்லாம்
'உள்ளேன் டீச்சர்'
உ-விலேயே நின்றுகொண்டிருக்கும்,
வகுப்பு சிரித்து முடிக்கும்வரை.

அவன் அப்பாவுக்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
ஏழு மணிச் சங்கு ஊதியதும்
எண்ணெய் வாடையோடு வருவார்,
காலணியை வாசலில் உதறுவார்,
கோப்பி பாதி குடிக்கும்போதே கண் சொக்கிவிடும்.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தூக்கம்,
இந்தப் பக்கம் எங்கள் பள்ளி.
ஆகவே
இரண்டு மணிவரை எல்லாமே கிசுகிசுப்புதான்.
திருக்குறளைக்கூட
யாரையோ பற்றிய வம்புபோல்
காதோடு காதாகச் சொல்லிக்கொண்டோம்.

நான்காவது வாரம், செவ்வாய் என்று நினைக்கிறேன்,
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
மேசைக்கு அடியில் படுத்தபடி
ஏழாம் வாய்ப்பாட்டைக் கிசுகிசுத்தான் லவினேஷ்.
ஏழேழு நாற்பத்தொன்பது.
எட்டேழு ஐம்பத்தாறு.
ஓரிடத்திலும் தடுக்கவில்லை.
அக்கா பென்சிலை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தாள்.
நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.
கண்ணீருக்குக் காரணம் கையிலேயே இருந்தது,
நல்லதாகப் போயிற்று.

எதையும் சாதித்துவிடவில்லை.
பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படியென்று
அவர்கள் தூங்கியபின் நானே படிக்கிறேன்.
சில இரவு புரிகிறது.
சில இரவு
கிள்ளான் வீட்டு வாடகையும் இங்குள்ள வாடகையும்
கழித்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.
அமைச்சிலிருந்து பதில் வரவில்லை.
அட்டவணையைக் கழற்றி
பின்பக்கத்தில் மகள் எழுதினாள்:
சங்கு. தண்ணீர் பிடிக்க. அப்பா தூக்கம். பாடம்.
மீன். பாடம்.
அதற்கு நாங்கள் கீழ்ப்படிகிறோம்.

நேற்றுப் புகைமூட்டம்.
செம்பனை வரிசையில் முதல் இரண்டு மரம் மட்டும் தெரிந்தது.
மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை
என்றது வானொலி.
"நமக்கும் லீவாம்மா?"
கிசுகிசுப்பு இல்லை,
முழுக் குரல்,
ந-வில் மூன்று தடவை இடறி,
நின்று,
அவனே எழுந்து நடந்து முடித்த கேள்வி.
சுவருக்கு அப்பால் கட்டில் கிறீச்சிட்டது.
தலைமையாசிரியை நான்தான் என்று
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.
வெளியே
மீன்காரர் ஹாரனை அழுத்தினார்.