கழிவுக்கும் சேர்த்து

பையைத் தராசில் வைத்தபோது
சுடலைக்கண்ணு சிரித்தார்:
"ரேஷன் அரிசியை எங்க வே கொண்டு போறீரு, பட்டாளத்தாரே?"
எங்கேயும் இல்லை.
பாப்பாக்குடி ரோட்டில் இரண்டரை கிலோமீட்டர் போய்
அதே அரிசியோடு திரும்பி வர.

லீவு முடியப் பதினெட்டு நாள்.
முடிந்த மறுவாரம் டெஸ்ட்.
பூட்ஸ், துப்பாக்கி, முதுகில் பை, ஐந்து கிலோமீட்டர்,
எனக்கு இருபத்தொன்பது நிமிஷம்.
முப்பத்தொன்பது வயதுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.
அதை வாசிக்கும்போது மட்டும்
கிளார்க் குரலைத் தாழ்த்துவான்,
மூல வியாதியைச் சொல்வதுபோல.

துப்பாக்கிக்குப் பதில்
மம்பட்டிக் கணை எடுத்துக்கொண்டேன்.
முக்கூடல் நாய்களுக்கு அது போதும்.

காலை நாலரை.
வாசல் விளக்கடியில் பீடித்தட்டோடு தங்கபுஷ்பம்,
பக்கத்தில் நேரம் ஓடும் போன்.
நான் போய்த் திரும்புவதற்குள் இரண்டு கட்டு சுற்றிவிடுவாள்.
கம்பெனியில் ஆயிரத்துக்கு இருபது முப்பது கழிப்பார்கள்.
வாய் மடிப்புச் சரியில்லை, தூள் குறைவு, இலையில் ஓட்டை,
ஏதாவது ஒன்று.
"கழிவுக்கும் சேத்துத்தான் சுத்தணும்" என்பாள்,
மழைக்குக் குடை எடுக்கும் குரலில்.

முதல் நாள் முப்பத்து நாலு நிமிஷம்.
குளத்து மடை தாண்டியதும் வாந்தி.
வயலில் நின்ற மயில்
மெடிக்கல் ஆபீஸரைப் போல் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
தன் வேலைக்குப் போனது.

பத்தொன்பது வயதில்
பாளையங்கோட்டை மைதானத்தில் ஜட்டியோடு நின்றபோது
நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும்.
எனக்கு நாலரை.
டேப் பிடித்த சுபேதார் முகத்தைப் பார்க்காமல்
"இழு, இன்னும் இழு" என்றார்.
இழுத்த அந்த மூச்சை
இன்னும் விடவில்லையோ என்று
சில ராத்திரி சந்தேகம்.

இடது முழங்கால்
மூன்று வருஷம் முன் பனியில் சறுக்கியது.
எழுதிக் கொடுத்தால் கேட்டகிரி இறங்கும்,
பிரமோஷன் போகும்.
எண்ணெய் தேய்த்து, வாயை மூடி,
பரேடில் நேராக நின்றேன்.
ஒருவருக்கும் தெரியாது.
ஆறாம் நாள்,
இலையிலிருந்து கண் எடுக்காமல் அவள் சொன்னாள்:
"வலது பூட்ஸ் சத்தம் சரியாக் கேக்கு.
இடது கால் பொய் சொல்லுது."

பன்னிரண்டாம் நாள், முப்பது பத்து.
பதினாலு, இருபத்தொன்பது ஐம்பது.
பதினைந்தும் அதே.
ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள்,
மிதிக்காமல் ஓரமாய் ஓடியதில் ஐந்து செகண்டு போச்சு என்று
தூங்குகிற ஊரையே திட்டினேன்.

பதினாறாம் நாள்.
அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள்.
கரண்ட் ரசீது தேடி
அவளுடைய கம்பெனிப் பாஸ்புக்கைத் திறந்தேன்.
கடைசித் தாளில் தேதிவாரியாக என் ஓட்டம்.
பதிமூன்றாம் நாளே இருபத்தொன்பதுக்குள்.
பதினைந்தாம் நாள் இருபத்தெட்டு நாற்பது.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால்
க. 1, க. 1, க. 1.1.

தேறட்டும் என்றா,
சலித்துப்போய் பென்ஷன் எழுதிக்கொடுத்து வரட்டும் என்றா?
கேட்கவில்லை.
புத்தகத்தை வைத்த இடத்திலேயே வைத்தேன்,
ரப்பர் பேண்டையும் அதே இரண்டு சுற்றில்.

மறுநாள்
மூச்சு வாங்க விளக்கடியில் நின்றேன்.
"எவ்வளவு?"
நூலைச் சுற்றி அறுத்துவிட்டுச் சொன்னாள்:
"இன்னும் பத்து செகண்டு குறையணும்."
சரி என்றேன்.
படியில் உட்கார்ந்து இடது காலை நீட்டினேன்.
தட்டை இறக்கி வைத்துவிட்டு
முழங்காலில் பெருவிரல் வைத்து
அங்கங்கே அமுக்கினாள்,
தூள் போதுமா என்று
பீடியை அமுக்கிப் பார்ப்பதுபோல.