பொம்மை நின்ற மேடை

தெற்கு மாசி வீதியில் மூடிப்போன ஜவுளிக்கடையில்
பட்டுடுத்திக் கண்ணாடிக்குள் சுற்றிய பொம்மை
எங்கே போனதோ.
அது நின்ற மேடையை
மகபூப் முந்நூறு ரூபாய்க்குத் தந்தார்.
நிமிடத்துக்கு ஆறு சுற்று. மோட்டாரில் லேசான இருமல்.

பசுமலைக் கல்லூரி ஆய்வகத்து மூலையில்
அதன்மேல் வாயகன்ற அண்டா, தண்ணீர்.
நடுவில் பால் பவுடர் டப்பா,
அதற்குள் கீழவாசலிலிருந்து சாக்கில் வந்த ஐஸ்.
விளிம்பைச் சூடாக்க ஒன்றும் செய்யவில்லை.
சித்திரை மாதம், மதுரை.

இங்கிருந்து கடற்கரைக்கு மூன்று மணி நேர பஸ்.
நடுக்கடலுக்கு எத்தனை என்று
எந்த டெப்போவிலும் எழுதிப் போடவில்லை.

அண்டாவோடு சேர்ந்து சுற்றத் தண்ணீர் பழகும்வரை காத்திருந்தேன்.
பிறகு டப்பாவை ஒட்டிச் சொட்டு நீலம்.

குளிர்ந்த நீருக்கு ஒரே ஆசை,
அடியில் போய்ப் படுக்க வேண்டும்.
சுழற்சி விடவில்லை.
பந்தியில் உட்காரப் போனவரைத்
தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவதுபோல
பாதிச் சரிவில் நிறுத்திவைத்தது.
அந்தச் சரிவுதான் கையிருப்பு. இனி எல்லாச் செலவும் அதிலிருந்து.

முதலில் நீலம் ஒரு வளையல்.
திருமங்கலம் ரோட்டில் லாரி போயிருக்கலாம்.
ஈ உட்கார்ந்திருக்கலாம்.
வளையல் நெளிந்தது. ஐந்து மடிப்பு.
ஐஸ் மாற்றி மறுபடி செய்தேன். ஐந்து.
வேண்டுமென்றே அண்டாவைத் தட்டினேன், அப்போதும் ஐந்து.
லாரிக்கு ஐந்து தெரியாது.
ஈக்கும் தெரியாது.

கம்பியில் கட்டிய செல்போன் மேடையோடு சுற்றியது.
வீடியோவில் தண்ணீர் நிற்கிறது, அறை சுற்றுகிறது:
ஜன்னல், பீரோ, திருத்தாத விடைத்தாள் கட்டு,
துடைப்பத்தோடு ஒச்சம்மா,
பத்து விநாடிக்கொரு முறை என் முகம்,
அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டு.

ஒரு மடிப்பின் கழுத்து மெலிந்து, இன்னும் மெலிந்து
அறுந்தது.
தனிச்சுழி.
வயிற்றில் குளிரை வைத்துக்கொண்டு
வெப்பத்துக்குள் நகர்ந்து போனது.
கடலில் இது இருநூறு கிலோமீட்டர், மாதக்கணக்கில் உயிர்.
இங்கே ஒரு பூரி அளவு.

"யாரு டீச்சர் கலக்கினது?"
"யாரும் இல்ல."
நம்பாமல் என் விரல்களைப் பார்த்தார். நீலமாக இருந்தன.

மூன்று நாற்பதுக்கு கரண்ட் போனது.
மேடை நின்றது, தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கவில்லை.
நீலம் எல்லாம் ஒன்றாகி வெளிறியது.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேம்படியில் கொட்டினோம்.

திரும்பி வந்து பார்த்தால், மேடை நடுவே
இரண்டு திருகாணித் துளைகள். ஒரே பாத அளவு.
ஒற்றைக் காலில் நின்று
அத்தனை வருஷம் சுற்றியிருக்கிறாள்
சேலையில் ஒரு மடிப்புக் கலையாமல்.