மூன்றாவது வீடு

தில்லி பழைய செயலகத்தில்
சபைக்குறிப்பு எழுதும் மேசை என்னுடையது.
ஐந்து நிமிடம் நான், அடுத்த ஐந்து சதுர்வேதி.

இன்றைய மசோதா நான்கே பக்கம்:
ஒருவருக்கு மூன்று வீடிருந்தால்
மூன்றாவதற்கு வரி.

எழுந்தார் தூகல்.
அதில் நாய்கள்தானே இருக்கின்றன என்றார்.
(சிரிப்பு) என்று எழுதினேன்.
எல்லாம் உழைத்துச் சேர்த்தது என்றார்.
யார் உழைத்து என்று ஒருவரும் குறுக்கிடவில்லை;
கேட்காத கேள்விக்குச் சுருக்கெழுத்தில் குறியில்லை.

யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷகுந்த்லா பைர்வா:
"எங்கள் மருந்தகத்துக்குக் காய்ச்சல் மாத்திரை
வியாழக்கிழமைதான் வரும்.
காய்ச்சல் திங்களே வந்துவிடுகிறது."
இதற்கும் சிரித்தார்கள். அடைப்புக்குறி போட
எனக்குக் கை வரவில்லை.

நிலம் நம் கையில் இல்லை, போலீசும் இல்லை,
எந்தக் கையால் வாங்குவது என்றது பின்வரிசை.
தூக்குவதற்கு மட்டும் கை இருந்தது.
தூக்கினார்கள். நிறைவேறியது.

இனி துணைநிலை ஆளுநர் கையெழுத்து.
மாளிகை நடக்கும் தூரம்தான்.
கோப்புக்குத்தான் கால் கிடையாது;
போன மழைக்குப் போனதே இன்னும் திரும்பவில்லை.

என் பங்கு, நாற்பத்தொரு வரி.
இந்த வரிக்கும் அந்த வரிக்கும்
தமிழில் ஒரே சொல் என்றேன்.
சதுர்வேதி பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

பேருந்தில் பெண்களுக்கான இளஞ்சிவப்புச் சீட்டு. காசில்லை.
யாரோ கட்டியிருக்கிறார்கள். சோப்பு வாங்கிய யாரோ,
நானாகவும் இருக்கலாம்.
லக்ஷ்மி நகர் தாண்டும்போது போன்.
பையனுக்கு உடம்பு கொதிக்கிறதாம்.

இன்று செவ்வாய்.