மூன்றும் ஆறும்

முதல் நாள் பாரீயா டீச்சர் கேட்டது ஒன்றுதான்:
"கத்திரி யாரிடம் இருக்கிறது?"
வெளியே மார்ச் மாதக் காற்று
புந்தா அரேனாஸின் தகரக் கூரைகளை
ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது,
எது கழன்று வரும் என்று.

இரவு ஏழு மணி வகுப்பு. பதினோரு பேர்.
பகலெல்லாம் தீர்வையில்லாக் கடையில்
தொலைக்காட்சிப் பெட்டி விற்றுவிட்டு வருவேன்.
என் மேசைக்கு வாய்த்தவன் எலெயாசர் ஓயார்சோ.
நண்டுப் படகில் வேலை,
விரலிடுக்கில் ஆறாத ஒரு கீறல்.
"வலை என்று இதற்குப் பெயர் வைத்தவன்
கடலுக்குப் போயிருக்க மாட்டான்" என்பான்.
"கிழிந்த வலையில் எல்லாமே போய்விடும்.
இது கிழிந்தால் எதுவுமே போகாது."

ஒரு பொட்டலம் அறுபத்துநான்கு தாவல் தாவியும்
வீடு சேரவில்லை என்றால்
வழியிலேயே கொன்றுவிடுவார்களாம்,
இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்குமாம்.
கடைசி வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.
தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை.

நிறங்களின் வரிசை அச்சிட்ட தாளில்
என் காபி கொட்டிவிட்டது.
மூன்றிலிருந்து ஆறுவரை பழுப்புக் குளம்.
தெரியாத இடத்தை நியாயத்தால் நிரப்பினோம்:
வெண்பச்சைக்குப் பக்கத்தில் பச்சை,
வெண்நீலத்துக்குப் பக்கத்தில் நீலம்.
ஜோடியைப் பிரிப்பானேன்?
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.
இடுக்கி இரண்டு தரம் 'நறுக்' என்றது.
சோதனைப் பெட்டியில் விளக்குகள்
ஒன்று, இரண்டு என்று எட்டுவரை
வரிசை தப்பாமல் எரிந்தன.

இரண்டு பக்கமும் ஒரே தப்பு.
பெட்டிக்கு அது தப்பே இல்லை.
கைகுலுக்கிக்கொண்டோம், நெறிமுறைப்படி:
பேசலாமா?
பேசலாம், நீ தயாரா?
தயார்.

ஜூனில் ஆய்வுக்கூடத்திலிருந்து பட்டறைவரை
கூரைக்கு மேல் தவழ்ந்து
தொண்ணூறு மீட்டர் இழுத்தோம்.
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
தெரிந்த அதே வரிசை.

ஜூலை ஒன்று. நண்டுப் பருவம் திறந்தது.
எலெயாசர் கடலுக்குப் போனான்.
செய்முறைத் தேர்வு எனக்குத் தனியாக.
பட்டறைக் கணினிக்கு நாலு பிங் அனுப்பினேன்,
ஒன்று திரும்பி வந்தது.
மறுபடி நாலு. ஒன்றும் இல்லை.
விளக்குகள் மட்டும் எட்டும் எரிந்தன, வெட்கமில்லாமல்.

டீச்சர் என் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"கம்பிகளை எதற்கு முறுக்கியிருக்கிறான்?
வெளி இரைச்சல் இரண்டு பேர் மேலும் சமமாக விழ.
கடைசியில் கழித்துக்கொள்ளலாம்.
பேசுவது மூன்றும் ஆறும்.
நீங்கள் அங்கே இரண்டு வீட்டு ஆட்களை
உட்கார வைத்திருக்கிறீர்கள்.
ஒரு மீட்டரில் தெரியாது. தூரத்தில்தான் தெரியும்."

ஆக, பச்சைகள் பிரிந்துதான் உட்கார வேண்டும்,
நடுவில் இரண்டு நீலங்கள்.
உறைக்குள் நுழைந்தபின்
தொண்ணூறு மீட்டரும்
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போகும்.

என் முனையை வெட்டித் திருத்தினேன்.
பனியும் மழையுமாக முற்றத்தைக் கடந்து,
காற்றுக்குப் பிடிக்கக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
பட்டறைக்குப் போனேன்.
அவன் முனையில், எவரும் சொல்லித் தராதபடி,
ஆரஞ்சு நைலான் நூலில் ஒரு முடிச்சு,
படகில் போடுகிற மாதிரி, இழுத்தாலும் அவிழாதது.
அதற்குக் கீழே வைத்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

நாலுக்கு நாலு வந்தது.
"தப்பு யாருடையது?" என்றார் டீச்சர்.
இரண்டு பேருடையதும் என்றேன்.
ஏழுக்கு ஐந்து போட்டார்,
கொஞ்சம் யோசித்து
அவன் பெயருக்கு நேரேயும் ஐந்து.

வெட்டிய முனைகள் என் கோட்டுப் பையில் இருக்கின்றன.
சில்லறைக்குக் கைவிட்டால் குத்தும்.
நவம்பரில் அவன் கரையேறுவான்.
அந்த முடிச்சோடு நீட்டினால்
சிரிப்பானா, முதலில் முடிச்சைத்தான் பார்ப்பானா,
தெரியவில்லை.